திரும்பி வந்த குடும்பங்களுக்கு மாதாந்தப் பணம்: பிள்ளைகளுக்குப் பயன்பட்டதா என்பதை எதைக் கொண்டு அளப்பது?

கொட்டியாரக்குடா எழுதியது:

வணக்கம். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்து திருகோணமலை மாவட்டத்தில் குடியேறியிருக்கும் குடும்பங்களில், பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வருட காலம் மாதந்தோறும் பணம் வழங்க ஒரு தொண்டு நிறுவனம் எண்ணியுள்ளது. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. மதிப்பீட்டுக்கான வரைவை எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நிதி தருவோர் ஒரேயொரு குறிகாட்டியைத்தான் வற்புறுத்துகின்றனர்: பாடசாலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் வீதம் கூடியதா, இல்லையா.

இந்தக் குறிகாட்டி போதாது என்பது மட்டுமல்ல, பிழையான முடிவுக்கே கொண்டு போய்விடும் என்று நான் நினைக்கிறேன். லெபனானில் சிரிய அகதிப் பிள்ளைகளுக்காக 2016–17 கல்வியாண்டில் யுனிசெப் தொடங்கிய பண உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அரச பாடசாலைகளில் சிரியப் பிள்ளைகளுக்கென்று பிற்பகல் வகுப்புகள் நடந்தன. அந்த வகுப்புகளில் சேரும் பிள்ளைகளில் 5 முதல் 9 வயது வரையானவர்களுக்கு மாதம் 20 டொலரும், 10 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் 65 டொலரும் கொடுக்கப்பட்டன. வளர்ந்த பிள்ளை வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரக்கூடிய வருமானத்தை ஓரளவேனும் ஈடு செய்ய வேண்டும் என்பதே அந்த வித்தியாசத்துக்குக் காரணம். முதலில் இரண்டு மாகாணங்களில் மட்டும் திட்டம் தொடங்கியதால், அவற்றின் எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் வாழ்ந்த குடும்பங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

சேர்வு வீதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிற்பகல் வகுப்புகளில் இடம் நிரம்பிவிட்டது. பணம் பெற்ற தாய் பிள்ளையைச் சேர்க்க விரும்பினாலும் அமர்வதற்கு ஆசனம் இருக்கவில்லை. ஆனால், சேர்ந்திருந்த பிள்ளைகள் வாரத்தில் அரை நாளுக்கும் அதிகமாகக் கூடுதலாக வகுப்புக்கு வந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு பார்த்தால் இது ஏறத்தாழ 20 சதவீத முன்னேற்றம். சேர்வை மட்டும் அளந்திருந்தால் திட்டம் பயனற்றது என்று எழுதிக் கோவையை மூடியிருப்பார்கள்.

இவ்விடயத்தில் அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நமது நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடநூலும் சீருடையும் இலவசம். திரும்பி வரும் குடும்பங்கள் பிள்ளையைச் சேர்க்காமல் விடுவது அரிது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளின் இலங்கைக் குடியுரிமைப் பதிவு முடியாமல் இருந்தாலும், பெரும்பாலான அதிபர்கள் தற்காலிகமாகவேனும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது நான் கண்டது. ஆகவே தொடக்கத்திலேயே சேர்வு வீதம் மிக உயரத்தில்தான் நிற்கும். அதற்கு மேல் எங்கே ஏறுவது?

சிக்கல் சேர்ந்த பின்னரே தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புப் படித்த பிள்ளை இங்கே வந்தவுடன் சிங்களம் என்ற பாடத்தை எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். வரலாறு முழுவதும் வேறு. சிலரை ஒரு வகுப்புக் கீழே இறக்கி விடுகிறார்கள். வயதில் சிறியவர்களோடு அமர நேரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன் ஒரு தவணைக்குள் மெல்ல மெல்ல வராமல் விடுகிறான். அவனுக்குப் பணம் எப்படி உதவும் என்று கேட்டால், பிரத்தியேக வகுப்புக் கட்டணமாக உதவும் என்பேன். அரச பாடசாலையில் கட்டணமில்லை என்று சொல்லிக்கொண்டு பிரத்தியேக வகுப்புச் செலவைக் கேள்விக்கொத்தில் சேர்க்காத மதிப்பீடு நமது ஊரை அறியாத ஒருவர் எழுதியதாகவே இருக்கும்.

வரவு இடாப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பிள்ளைக்கு வரும் உதவி நின்றுவிடக் கூடாது என்று இரங்கி வரவு போடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியாது. முன்னறிவித்தல் இல்லாமல் வகுப்புக்குச் சென்று தலைகளை எண்ணி, அதை இடாப்போடு ஒப்பிட வேண்டும். அதோடு, பணம் வரவோடு நிபந்தனையாகக் கட்டப்படாமலிருந்தால் இந்தப் பொய் வரவும் குறையும்.

மூதூர் கணக்காளர் எழுதியது:

எல்லோரும் பணம் கொடுப்பது சரி என்ற இடத்திலிருந்தே பேசத் தொடங்கிவிட்டீர்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாவும், ஆளுக்கு வாரம் 375 ரூபா பெறுமதியான நிவாரணமும் கொடுத்தார்கள். அந்த 375இல் 200 ரூபா காசு, 175 ரூபா உலர் உணவு. அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். காசு யாருடைய கைக்குப் போகிறது, அங்கிருந்து எந்தக் கடைக்குப் போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார். காசு வரும் வாரத்தில் மீனும் மரக்கறியும் விலை ஏறும். இவற்றையெல்லாம் அளக்காமல் பாடசாலை வரவை மட்டும் அளந்து என்ன பயன்?

புள்ளிவிபரவியலாளன் எழுதியது:

கணக்காளர் ஐயா எழுப்பிய ஐயம் நியாயமானது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று நமது நாட்டிலேயே நடந்தது. உலக உணவுத் திட்டம் 2005–06 காலப் பகுதியில், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட சில பகுதிகளில் உணவுப் பங்கீட்டுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. உணவு பெற்ற குடும்பங்கள் அரிசி, கோதுமை போன்ற அடிப்படை உணவைக் கூடுதலாக உட்கொண்டன. பணம் பெற்றவை பால், இறைச்சி போன்றவற்றுக்குக் கூடுதலாகச் செலவிட்டன. பலர் அஞ்சியதுபோல் பணம் சாராயத்துக்குப் போய்விடவில்லை. ஈக்குவடோரின் வடபகுதியில் கொலம்பிய அகதிகளையும் உள்ளூர் ஏழைகளையும் சேர்த்து 2011இல் நடத்திய பரிசோதனையிலும் இதே போக்குத்தான். மாதம் 40 டொலர் பெறுமதியில், சிலருக்குப் பணம், சிலருக்கு உணவு, சிலருக்குக் கொள்வனவுச் சீட்டு. உணவு கலோரியைக் கூட்டியது, சீட்டு உணவின் வகைகளைக் கூட்டியது. விநியோகச் செலவில் உணவே மிக அதிகம். மூன்று வடிவங்களிலும் பெண்கள் மீதான கணவன்மாரின் வன்முறை குறைந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

விலையேற்றம் பற்றி: 2013–14 குளிர்காலத்தில் லெபனானில் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகம் ஏறத்தாழ 575 டொலரை வங்கி அட்டை மூலம் வழங்கியபோது, கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கு மேல் வசித்தவர்களுக்கே கொடுத்தது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் வசித்த குடும்பங்களை ஒப்பிட்டார்கள். பொருள் விலையில் குறிப்பிடத்தக்க ஏற்றமில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்து, பாடசாலைக்குப் போவது கூடியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. குளிரைத் தாங்க எரிபொருள் வாங்கவே அந்தப் பணம் கொடுக்கப்பட்டது. மக்களோ பெரும்பகுதியை உணவுக்கும் தண்ணீருக்கும் செலவிட்டார்கள். குளிரும் அவர்களை விடவில்லை. கொடுப்பவர் மனத்திலுள்ள தேவைக்கும் வாங்குபவர் வீட்டிலுள்ள தேவைக்கும் இடையிலான தூரம் அந்த ஒரு முடிவில் தெரிகிறது.

ஆயினும், இவற்றை வைத்து மூதூர்ச் சந்தையிலோ வெருகலிலோ விலை ஏறாது என்று என்னால் உறுதி தர முடியாது. வெள்ளத்தில் வீதி மூடிக்கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் ஈச்சிலம்பற்றில் காசு இருந்தும் பொருள் இல்லாத நிலை வரலாம். எனவே சந்தை விலையை மாதந்தோறும் பதிவு செய்வது தேவை. அதற்குப் பெரிய செலவுமில்லை.

மண்டபத்திலிருந்து எழுதியது:

இங்கே பேசப்படும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் அரசு தந்த உதவித்தொகையில்தான் நாங்கள் வளர்ந்தோம், எங்கள் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். குடும்பத் தலைவருக்கு 1,000, மற்றப் பெரியவர்களுக்கு 750, பிள்ளைக்கு 400 இந்திய ரூபா என்றிருந்ததை 2021இல் முறையே 1,500, 1,000, 500 என்று உயர்த்தினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்தாலும், வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையின் பணம் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. சமையலறைக்கும், மருந்துக்கும், ஊர் திரும்பச் சேர்த்த செலவுக்கும் எல்லாம் ஒரே பை.

இங்கே வந்து கொடுக்கப்படும் பணத்தில் முதல் மாதங்களின் தொகை கடனுக்குப் போகும். அதைத் தவறான செலவு என்று எழுதிவிடாதீர்கள். கடைக்கடனும் நுண்கடனும் அடைந்தால்தான் தாய் வெளியே தலைகாட்ட முடியும். கடன்காரர் வாசலுக்கு வரும் நாளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல், அம்மா வீட்டில் இல்லை என்று சொல்ல நிறுத்திவைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, குடும்பம் என்று யாரை எழுதப் போகிறீர்கள்? பலருடைய வீட்டில் மூத்த பிள்ளை பரீட்சைக்காகப் பாட்டியோடு முகாமிலேயே நிற்கிறது. சில வீடுகளில் தந்தை பிறகு வருவதாகச் சொல்லி வராமலே இருக்கிறார். கிராம உத்தியோகத்தரின் பதிவில் இருப்பதும் இரவில் பாயில் படுப்பதும் ஒன்றல்ல.

புள்ளிவிபரவியலாளன் எழுதியது:

அம்மா, இந்த இழையில் இதுவரை கேட்கப்பட்டவற்றுள் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது. துருக்கியில் 2016இன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு தொடங்கப்பட்ட அவசரகாலச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் பத்து இலட்சத்துக்கும் அதிகமான அகதிகளைச் சென்றடைந்தது. வருமானத்தைச் சரிபார்ப்பது கடினம் என்பதால் குடும்ப அமைப்பையே தகுதியாக வைத்தார்கள்: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள், வேலை செய்யக்கூடிய ஒருவருக்கு ஒன்றரைப் பேருக்குக் குறையாமல் தங்கியிருப்போர், தனித்து வாழும் தாய், இப்படி. நடந்தது என்னவென்றால், தகுதி பெறாத வீடுகளிலிருந்து தகுதி பெற்ற வீடுகளுக்குப் பாடசாலை வயதுப் பிள்ளைகள் இடம் மாறினார்கள். இதை மோசடி என்று எண்ணத் தோன்றும். ஆய்வு செய்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. உறவினருக்குள் பிள்ளைகள் மாறியதன் மூலம், தகுதியற்றவர் என்று விடப்பட்டவர்களுக்கும் பணத்தின் பயன் கசிந்தது. அகதிகளிடையே ஏற்றத்தாழ்வு குறைந்தது. வறுமை பாதிக்கும் மேல் குறைந்தது.

ஆனால் மதிப்பீட்டாளருக்கு இது பெரும் தலைவலி. வீட்டை அலகாகக் கொண்டு முன்னும் பின்னும் அளந்தால், நாம் ஒப்பிடுவது அதே வீட்டை அல்ல. அந்த ஆய்வு மொத்தச் சேர்வு வீதத்தில் தெளிவான மாற்றத்தைக் காணவில்லை. அதே திட்டத்தை வேறு தரவோடும் வேறு முறையோடும் ஆராய்ந்த இன்னொரு குழு, தகுதிக்கோட்டின் இரு பக்கமும் இருந்தவர்களை ஒப்பிட்டு, பிள்ளைத் தொழில் 14 சதவீதத்திலிருந்து 1.6 ஆகவும், பாடசாலைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் 36.2 சதவீதத்திலிருந்து 13.7 ஆகவும் குறைந்ததாகக் கணித்தது. ஒரே திட்டம், இரண்டு விடைகள். எவர் சொல்வது சரி என்று வழக்காடுவதை விட, யாரை எப்போது எண்ணினார்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

ஆகவே எனது ஆலோசனை: வீட்டைத் தொடராதீர்கள், பிள்ளையைத் தொடருங்கள். தொடக்கத்தில் பட்டியலிடும் ஒவ்வொரு பிள்ளையும், முகாமிலேயே நிற்கும் மூத்த பிள்ளை உட்பட, ஒரு வருடம் கழித்து எங்கே உறங்குகிறது, எங்கே படிக்கிறது என்று தேடிக் கண்டறிய வேண்டும்.

மூதூர் கணக்காளர் எழுதியது:

சரி, சந்தை விலையைப் பதிவு செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள்; மகிழ்ச்சி. ஆனால் ஒப்பீட்டுக் குழு என்று ஒன்றை எல்லோரும் சாதாரணமாகப் பேசுகிறீர்கள். தென்னமரவாடியில் ஒருவருக்குப் பணம், பக்கத்து வளவில் உள்ளவருக்கு வெறும் கேள்விக்கொத்து என்றால் அந்த ஊருக்குள் நீங்கள் இரண்டாவது தடவை போக முடியுமா? அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியல் 2023இல் வெளியானபோது பிரதேச செயலகங்களுக்கு முன்னால் நடந்ததை மறந்துவிட்டீர்களா? 22 குறிகாட்டிகள் வைத்துக் கணினி தெரிவு செய்தது என்று சொன்னபோது, தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

கொட்டியாரக்குடா எழுதியது:

ஐயா, எவருக்கும் கொடுக்காமல் விடும் எண்ணமில்லை. நிறுவனத்தின் பணம் முதல் வருடத்தில் பாதிக் குடும்பங்களுக்கே போதும். மீதிக்கு அடுத்த வருடம். யார் முதலில் என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டும். தெரிந்தவர்களின் பரிந்துரையில் முதலில் வருபவர்களை விட, எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கிப் போடுவது நேர்மையானது என்று நினைக்கிறேன். முடிவு பிடிக்காவிட்டாலும், ஏன் தனக்கு அடுத்த வருடம் என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கும். அஸ்வெசும பெறுவோர், பெறாதோர் என்று இரண்டாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்கவும் உத்தேசம். இல்லையேல் அந்தக் கொடுப்பனவைப் பெறும் வீட்டையும் ஒன்றும் பெறாத வீட்டையும் கலந்து ஒப்பிட நேரும்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

எந்த மாதத்தில் அளப்பீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. தை மாதத்தில் முதல் கணக்கெடுப்பும் ஆடியில் அடுத்ததும் செய்தால், நீங்கள் அளப்பது பணத்தை அல்ல, காற்றை. வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் கடல் பொங்கி நிற்கும். வெள்ளத்தால் பிள்ளைகள் வர முடியாமல் போகும். ஆனால் வேலையும் கிடையாது. தென்மேற்குக் காற்றான சோழகம் தொடங்கியதும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் கரைவலை இழுக்கக் கை தேவைப்படும். உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் விடுதிகளில் பாத்திரம் கழுவப் பையன்கள் தேவைப்படுவார்கள். பெண் பிள்ளை அப்போது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கும். அதை எவரும் தொழில் என்று எழுதுவதில்லை. முதல் கணக்கெடுப்பு நடந்த அதே மாதத்தில்தான் அடுத்த வருடக் கணக்கெடுப்பும் நடக்க வேண்டும். வயது கூடக் கூடத் தொகையையும் கூட்டும் லெபனான் முறை நல்லது. அதை இங்கேயும் கேளுங்கள்.

புள்ளிவிபரவியலாளன் எழுதியது:

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தொகையை ரூபாவில் நிர்ணயித்து அப்படியே விட்டுவிட வேண்டாம். 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய வருடம் ஒன்றில் தொகை மாறாமல் நின்றால், திட்டம் பலன் தரவில்லை என்ற முடிவு பணத்தைப் பற்றியதாக இருக்காது. திட்டத்தின் நடுவில் தொகையின் உண்மைப் பெறுமதி எவ்வளவு குறைந்தது என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

மியன்மாரிலிருந்து தப்பி வந்த றோகிஞ்சா மக்களையும் இத்திட்டத்தில் சேர்க்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 2024 டிசெம்பரில் முல்லைத்தீவுக் கடலிலிருந்து நமது துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே பாடசாலையொன்றில் தங்கவைக்கப்பட்டு, பின்னர் முல்லைத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பல பிள்ளைகள் இருந்தார்கள். இலங்கை 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. அவர்களுக்கு வேலை செய்யும் உரிமையோ வங்கிக் கணக்கோ இல்லை. தடுத்து வைக்கப்பட்ட இடத்தில் பணம் எதை வாங்கும் என்பது வேறு கேள்வி; இந்த வரைவுக்குள் அதைத் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கொட்டியாரக்குடா எழுதியது:

இன்னும் ஒரு விடயத்தில் நிதி தருவோரோடு எனக்கு இழுபறி இருக்கிறது. அவர்கள் பன்னிரண்டாவது மாதத்தில் கடைசிக் கணக்கெடுப்பை முடித்து அறிக்கை கேட்கிறார்கள். கடைசித் தவணைப் பணம் கையில் இருக்கும் மாதம் அது. லெபனானில் சிரிய அகதிக் குடும்பங்களுக்கு நிபந்தனையின்றி வழங்கப்பட்ட பல்நோக்குப் பண உதவியை ஆராய்ந்தபோது, கொடுக்கும் காலத்தில் உணவும் பிள்ளைகளின் நலனும் மேம்பட்டிருந்தும், நிறுத்திய பின் அந்தப் பயன்கள் விரைவிலேயே மறைந்துபோனதைக் கண்டார்கள். வேலை செய்யும் உரிமை மட்டுப்படுத்தப்பட்ட இடத்தில் அது வியப்பல்ல. நமது குடும்பங்கள் குடிமக்கள். காணி, தொழில் எல்லாவற்றுக்கும் உரிமையுண்டு. அதனால் இங்கே பயன் நீடிக்கக்கூடும் என்று நான் எதிர்பார்க்கிறேன், ஆனால் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்க்காமல் அதை எழுத முடியாது. அதற்கான நிதி இல்லை என்பதே பதில்.

மண்டபத்திலிருந்து எழுதியது:

நிறுத்தப்படும் திகதியை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். முகாமில் உதவித்தொகை எப்போது வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் சீட்டுக் கட்டவும், வருடத் தொடக்கத்தில் சப்பாத்து வாங்கவும் முடிந்தது. எத்தனை மாதம் என்று தெரியாத பணத்தைக் கொண்டு எந்தத் தாயும் பிள்ளையை ஒரு வருடப் பிரத்தியேக வகுப்பில் சேர்க்க மாட்டாள். விசாரிக்க வருபவர்களோடு உத்தியோகத்தர் எவரும் கூட வரக் கூடாது. வந்தால் எல்லாப் பிள்ளைகளும் தினமும் பாடசாலைக்குப் போகிறார்கள் என்றே பதில் வரும்.

புள்ளிவிபரவியலாளன் எழுதியது:

கொட்டியாரக்குடா அண்ணா, நடுவில் ஆறாம் மாதத்தில் ஒரு கணக்கெடுப்பு இருப்பதாகத் தனிமடலில் சொன்னீர்கள். அதைக் கைவிட்டு அதே நிதியைப் பதினெட்டாம் மாதத்துக்கு மாற்றுங்கள். நடுக் கணக்கெடுப்பு நிதி தருவோரின் இடைக்கால அறிக்கைக்குப் படம் தருவதற்கு மட்டுமே பயன்படும்; வகுப்பில் தலையெண்ணும் பதிவும் மாதாந்த விலைப் பதிவும் அந்த இடத்தை நிரப்பும். ஆனால் இரண்டாவது குழுவுக்கு அடுத்த வருடம் பணம் தொடங்கிவிடும் என்பதால், பதினெட்டாம் மாதத்தில் அவர்களோடு ஒப்பிட முடியாது. முதல் குழுவின் பிள்ளைகள் தங்களுடைய பன்னிரண்டாம் மாத நிலையிலிருந்து எவ்வளவு இறங்கினார்கள் என்று மட்டுமே சொல்லலாம். பதினெட்டாம் மாதம் வேறொரு பருவத்தில் விழும் என்பதால், ஆசிரியை சொன்ன காற்றுக் கணக்கும் அதில் கலக்கும்.

கொட்டியாரக்குடா எழுதியது:

அப்படியானால் பதினெட்டை விட்டு இருபத்துநான்காம் மாதத்தைக் கேட்கிறேன், பருவம் பொருந்தும். நடுக் கணக்கெடுப்பைத் தூக்கிவிட்டால் செலவு ஏறத்தாழச் சமனாகும். நாளை மறுநாள் வரைவை அனுப்ப வேண்டும். பிள்ளையைத் தொடர்வதற்கான பட்டியல் படிவத்தை இன்றிரவு இங்கே ஏற்றுகிறேன். முகாமில் நிற்கும் பிள்ளைகளுக்கு எந்த நிரலில் இடம் விடுவது என்பதை மண்டபத்திலிருந்து எழுதும் அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும்.